இரண்டு எலும்பு, மூன்று மணி நேரம்

பாப்பாரப்பட்டிக்காரர்களுக்குப் பெங்களூர் ஒன்றும் தூர தேசம் இல்லை. தருமபுரி போய் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தாலும் சரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ஏறினாலும் சரி, பைக்கில் ஏறக்குறைய மூன்று மணி நேரச் சமாச்சாரம். கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் அங்கே போனவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி வீடு வந்து, திங்கட்கிழமை கோழி கூவுமுன் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டாம். ஊர்க் காய்கறி ஒரு மூட்டை பின்னால் கட்டிக்கொள்ளலாம். தொந்தரவு ஒன்றே ஒன்றுதான். முதல் மணி நேரம் உட்கார்ந்திருப்பதே தெரியாது. இரண்டாவது மணி நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து உட்காரத் தோன்றும். மூன்றாவதில் உட்கார்ந்த இடம் எரியும். இறங்கி நின்றால் இரண்டு காலும் மரத்துப்போயிருக்கும்.

அப்புறம் ஒரு நாள் வண்டி சீட் கடைக்குப் போகும். "அண்ணே, பெங்களூர் போய் வர்ற வண்டி. நல்லா மெத்துமெத்துனு போட்டுக் குடுங்க." கடைக்காரர் இரண்டு மூன்று ஃபோம் துண்டுகளை எடுத்துப் போடுவார். வந்தவர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, விரல் எதில் ஆழமாக இறங்குகிறதோ அதைக் காட்டுவார். இரண்டு நிமிடத்தில் வியாபாரம் முடிந்தது. மூன்று மணி நேரம் ஆளைத் தாங்க வேண்டிய பொருளை இப்படிக் கட்டைவிரலை நம்பி வாங்குவதில் எங்கே தப்பு நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு மரப் பெஞ்சில், உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை வைத்து அதன் மேல் உட்கார்ந்து பாருங்கள். கெட்டியாக ஒரு முட்டு தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு புடைப்புகளில் ஒன்று அது. நாம் உட்காருவது இந்த இரண்டின் மேல்தான். நிற்கும்போது பிட்டத்தின் பெருந்தசை இவற்றை மூடியிருக்கும். இடுப்பை மடக்கி உட்கார்ந்ததும் தசையின் பெரும்பகுதி மேலே விலகிக்கொள்ளும். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் மிஞ்சுவது முக்கியமாகத் தோலும் கொழுப்பும். சைக்கிள் கடைகளில் இந்த இரண்டு முட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். நெளிநெளியான உள்மடிப்பு உள்ள அட்டைப்பெட்டித் துண்டைப் பெஞ்சில் போட்டு, அதன் மேல் கொஞ்ச நேரம் அழுந்த உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி தெரியும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் வரும். பெண்களுக்குச் சராசரியாகக் கொஞ்சம் அகலம். உங்கள் சீட்டில் நீங்கள் உட்காரும் இடம், ஓரச் சரிவு தொடங்குமுன், இந்த அகலத்தைத் தாராளமாகத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் எலும்புகள் சீட்டின் ஓரத்தில் தொங்கும். எடையை நடுவில் இருக்கும் மென்மையான பகுதி வாங்கும். அங்கேதான் பிறப்புறுப்புக்கும் சுற்றுப்புறத்துக்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. நெடுந்தூர சைக்கிள்காரர்களுக்கு வரும் மரமரப்பு அந்த நரம்பு நசுங்குவதால் வருவது. முதுகு உயர்ந்து இருபுறமும் சரியும் பைக் சீட்டுகளிலும் இதே கதைதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ ஆள் ஒருவர். கால் கொஞ்சம், கை கொஞ்சம் தாங்கியது போக, 50 கிலோ சீட்டில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மரப்பலகையில் உட்கார்ந்தால் முக்கால்வாசி எடையும் அந்த இரண்டு எலும்புகளைச் சுற்றி 100 சதுர சென்டிமீட்டர் அளவில் குவியலாம். அப்படியானால் அழுத்தம், டாக்டர் கையில் பட்டை கட்டி அளக்கும் அதே பாதரச மில்லிமீட்டரில், 275-ஐத் தாண்டிவிடும். அதே எடை நல்ல சீட்டில் 800 சதுர சென்டிமீட்டருக்குப் பரவினால் சராசரி 45 பக்கம் இறங்கிவிடும். பட்டையில் 120, 130-க்கு மேல் காற்றடித்தாலே முன்கைக்கு ரத்தம் நின்றுபோகும் என்பது நினைவிருந்தால் பலகையின் 275 என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரத்த நுண்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை முதலில் நேரடியாக அளந்தவர்களில் ஒருவர் யூஜின் லாண்டிஸ். 1930-இல் மனித நகக்கண்ணில் இருக்கும் நுண்குழாய்க்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி அளந்தார். தமனிப் பக்கத்தில் சுமார் 32 மில்லிமீட்டர் இருந்தது. அன்றிலிருந்து மெத்தை விற்கிறவர்களும் குஷன் விற்கிறவர்களும் இந்த 32-ஐ ஒரு லட்சுமணக் கோடு ஆக்கிவிட்டார்கள். நகக்கண் வேறு, பிட்டம் வேறு. உடம்பு தன் ரத்த ஓட்டத்தைத் தேவைக்கேற்பக் கூட்டியும் கொள்ளும். எண்ணைவிட அதற்குப் பின்னால் இருக்கும் விஷயம்தான் பெரிது: அழுத்தமும் நேரமும் சேர்ந்தே வேலை செய்கின்றன. மைக்கேல் கோசியாக் என்ற அமெரிக்க மருத்துவர் 1959-இலும் 1961-இலும் வெளியிட்ட விலங்குச் சோதனைகளில், கடும் அழுத்தம் கொஞ்ச நேரத்தில் செய்யும் சேதத்தை மிதமான அழுத்தம் நீண்ட நேரத்தில் செய்துவிடுவதைக் காட்டினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை விலக்கிக்கொண்டே இருந்தால் திசு பிழைத்துக்கொண்டது. நாம் சினிமாக் கொட்டகையில் நெளிவது, பஸ்ஸில் தொடை மாற்றி உட்காருவது எல்லாம் நரம்பு அனுப்பும் புகாருக்கு உடம்பு தானாகச் செய்யும் பரிகாரம்.

அந்தப் புகாரே வராமல் போனால் என்ன ஆகும் என்பதை அறிவியலுக்குச் சொல்லிக்கொடுத்தது தமிழ்நாடு. அந்தக் கதைக்குப் போகும் வழியும் பாப்பாரப்பட்டிதான். 1908-இல் வ.உ.சி.யோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவாவுக்குச் சிறையில் தொழுநோய் தொற்றியது. வெளியே வந்த பிறகு, நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை போட்டது அன்றைய அரசு. மனிதர் ஓயவில்லை. கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, 1923-இல் சித்தரஞ்சன் தாஸைக் கொண்டு அடிக்கல் நாட்ட வைத்தார். 1925 ஜூலை 23 அன்று இதே ஊரில் இறந்தார். வில்லும் ரப்பரும் இல்லாத மரச்சக்கர வண்டியில், புண்பட்ட உடம்போடு, வைக்கோல் பரப்பின் மேல் அந்தக் காலத்துச் சாலையில் போனவர் அவர். நெடும்பயணத்தில் உட்காருவது பற்றி எழுதும்போது அவரைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்று மருத்துவர்களே நம்பினார்கள். அதை மாற்றியவர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தவர். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தபோது அவருக்கு ஒன்று விளங்கியது. சதை தானாக அழுகவில்லை. நோய் நரம்பைக் கொன்றுவிட்டதால் வலி இல்லை. வலி இல்லாததால் ஒரே இடத்தில் அடி மேல் அடி விழுந்தாலும் ஆள் காலை மாற்றி வைப்பதில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் எலிகளின் பாதத்தை நாள்தோறும் ஆயிரக்கணக்கான தடவை மிதமாக அழுத்திப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு ஒன்றுமே செய்யாத அழுத்தம். தொடர்ந்து செய்ததும் பாதம் சிவந்து, வீங்கி, கடைசியில் புண்ணானது. எண்ணிக்கையைக் குறைத்து, இடையில் ஓய்வும் விட்டபோது தோல் தடித்துத் தாங்கிக்கொண்டது.

காயம் மூன்று வழியில் வருகிறது என்று பிராண்ட் பிரித்தார். சின்ன இடத்தில் கூர்மையாகக் குத்துவது ஒன்று. லேசான அழுத்தம் நீண்ட நேரம் விலகாமல் நின்று ரத்தத்தைத் தடுப்பது இன்னொன்று. மிதமான அடி திரும்பத் திரும்ப விழுவது மூன்றாவது. பாதங்களுக்காகச் செய்த பாகுபாடுதான். நுண்ணறை ரப்பரில் செய்த செருப்பு கரிகிரியில் இதற்கு விடையாக வளர்ந்தது, எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை நோயாளிகளுக்கு இன்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதேதான். பைக் சீட்டை எடைபோடவும் இதைவிடக் கச்சிதமான அளவுகோலை நான் பார்த்ததில்லை. ஒரு சீட் வலிக்கிறது என்றால் இந்த மூன்றில் எது என்று முதலில் கேட்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கூர்மையாகக் குத்துவதைக் கண்டுபிடிப்பது சுலபம். இப்போது பேஷனாக இருக்கும் டைமண்ட் தையல் சீட்டுகளில் தையல் கோடுகள் சரியாக எலும்பு உட்காரும் இடத்தில் குறுக்கே ஓடும். ஜீன்ஸின் தடித்த மடிப்பும் பின் பாக்கெட்டில் இருக்கும் மணிபர்ஸும் அதே வேலையைச் செய்யும். பர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு பக்க இடுப்பைத் தூக்கி, பிட்டத்தின் வழியே காலுக்கு இறங்கும் பெரிய நரம்பையும் நசுக்கும். சீட்டுக்குக் காசு செலவழிக்குமுன் பர்ஸை முன் பாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

விலகாமல் நிற்கும் அழுத்தம் நெடுஞ்சாலையின் நோய். கிருஷ்ணகிரிக்கு அப்புறம் நேர்கோடு, ஒரே வேகம், ஒரே இருப்பு. இங்கேதான் ஃபோம் பற்றிப் பேச வேண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் ஃபோம் என்பது மெல்லிய கம்பிகளால் கட்டிய கூடுகளின் அடுக்கு. லோர்னா கிப்சன், மைக்கேல் ஆஷ்பி இருவரும் 1988-இல் எழுதிய நூலில் இவ்வகைப் பொருள்கள் அமுங்குவதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலில் கம்பிகள் லேசாக வளைந்து எதிர்க்கும். ஒரு எல்லையைத் தாண்டியதும் வரிசை வரிசையாக மடங்கத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் எவ்வளவு அமுங்கினாலும் எதிர்ப்பு அதிகம் ஏறாது. கடைசியில் கூடுகள் எல்லாம் நசுங்கி ஒன்றோடு ஒன்று ஒட்டியதும் எதிர்ப்பு சட்டென்று எகிறும். நமக்கு வேண்டியது நடுக்கட்டம். எலும்பின் கீழே ஃபோம் ஆழமாக மடங்கி, சுற்றிலும் கொஞ்சமாக மடங்கி, இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தத்தைத் திருப்பித் தரும். எடை பரவுவது இதனால்தான்.

மெத்துமெத்தென்று இருக்கும் ஃபோமில் எலும்பு நடுக்கட்டத்தில் நிற்காமல் நேரே மூன்றாவதுக்குப் போய்விடும். கடைக்காரர்கள் இதை "அடி தட்டுது" என்பார்கள். மேலே பஞ்சு, கீழே பலகை. கட்டைவிரலுக்கு இது தெரியாது, ஏனென்றால் விரல் சோதிப்பது மேலே இருக்கும் ஒரு சென்டிமீட்டரைத்தான். என் யோசனை, கட்டைவிரலுக்குப் பதில் முழங்காலை வைப்பது. சீட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் கொடுத்து நில்லுங்கள். அடித்தட்டு தட்டுப்பட்டால் அந்த ஃபோம் உங்களுக்கு ஆகாது.

கடையில் இன்னொரு குழப்பமும் நடக்கும். "இது 32 டென்சிட்டி, அது 40, இன்னும் ஹார்டு" என்பார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. 32 என்றால் 32 கிலோ. எவ்வளவு நாள் குழி விழாமல் உழைக்கும் என்பதை அது ஓரளவு சொல்லும். கெட்டியா மிருதுவா என்பது தனி அளவு. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தட்டால் அமுக்கி, கால்வாசி உயரம் குறைய எவ்வளவு விசை ஆகிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். அடுத்து 65 சதவீதம் அமுங்க எவ்வளவு என்றும் பார்த்து, இரண்டாவதை முதலாவதால் வகுப்பார்கள். சாதாரண ஃபோமுக்கு இந்த விகிதம் 2-ஐ ஒட்டி வரும், நல்ல எச்.ஆர். (அதிக மீள்திறன்) ஃபோமிலும் ரப்பர்ப்பால் ஃபோமிலும் இரண்டரையைத் தாண்டும். தொட்டால் மிருது, உட்கார்ந்தால் தாங்கும் என்பதற்கு எண்ணில் சொல்லும் பெயர் இதுதான். கனமான மிருது ஃபோமும் உண்டு, லேசான கெட்டி ஃபோமும் உண்டு. ஆகவே டென்சிட்டி கூடிய துண்டைக் கேட்டு வாங்குங்கள். கெட்டித்தன்மையை முழங்கால் வைத்து முடிவு செய்யுங்கள்.

வெளிநாட்டில் இதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் கெட்டியாகத் தாங்கும் சீட்டின் பக்கம்தான் நிற்கிறார்கள். 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய அயர்ன் பட் அசோசியேஷன். அந்தக் கூட்டத்தில் பேர் வாங்கிய கார்பின் சீட்டைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும். ரஸ்ஸல் டே-லாங் சீட்டின் அடையாளம் இருபுறமும் இறக்கை விரித்த அகலம். தொடையின் பின்புறம் வரை எடையைப் பங்கு போட அந்த அகலம். வண்டியில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் படத்தையும் உங்கள் எடையையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அங்கே ஃபோமைத் தொடுவார்கள்.

மூன்றாவது காயம், திரும்பத் திரும்ப விழும் அடி, நம் ஊர் உட்சாலைகளின் நோய். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமாக நொடிக்கு ஐந்து முறை ஆட்டினால் மிக அதிகமாகத் தானும் சேர்ந்து ஆடும். உடல் அதிர்வை அளக்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 2631, நொடிக்கு 4 முதல் 8 வரையிலான ஆட்டத்துக்கு அதிக மதிப்பெண் போட்டுக் கணக்கிடுவது இதனால்தான். இப்போது ஒரு சாலையில் இரண்டு மீட்டருக்கு ஒரு மேடு பள்ளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பத்து மீட்டர் போகிறோம். சரியாக ஐந்து குலுக்கல். தூக்கிவாரிப் போடும் வேகம் இதுவென்று அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிறவர்கள் ஒன்று மெதுவாகப் போவார்கள், இல்லை முறுக்கிவிடுவார்கள்.

இங்கே சீட்டிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. எதன் மேலாவது எடை வைத்ததும் அது எவ்வளவு இறங்குகிறதோ அதை வைத்து அது இயல்பாக எந்த வேகத்தில் ஆடும் என்று கணக்கிடலாம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் நொடிக்கு ஐந்து. ஒன்றரை இறங்கினால் நான்கு. அதாவது சாதாரண ஃபோம் சீட் நம் உடம்புக்குப் பிடிக்காத அதே தாளத்தில்தான் ஆடும். அந்த இடத்தில் அது குலுக்கலைக் குறைக்காமல் கூட்டியே கொடுக்கும். நொடிக்கு ஒன்று என்ற நிதானத்துக்கு வர வேண்டுமானால் சீட் 25 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். முடிகிற காரியமா? பழைய புல்லட்டின் சுருள்வில் சீட் அந்தத் திசையில் கொஞ்சம் போனது. ஆனால் ஆட்டத்தை அடக்க ஒன்றும் இல்லாததால் பள்ளம் போன பிறகும் ஆள் குதித்துக்கொண்டிருப்பார். குலுக்கலைத் தின்பது ஷாக் அப்சார்பரின் வேலை, டயர் காற்றின் வேலை. ஷாக்கில் எண்ணெய் கசிந்து காய்ந்த வண்டிக்குப் புது சீட் போடுவது வீண் செலவு. மிச்சத்தை முழங்கால் பார்த்துக்கொள்ளும்: பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டில் காலூன்றி அரை அடி எழுந்துகொண்டால் போதும். இன்ஜின் நடுக்கம் வேறு கணக்கு. 3,000 சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டர் நொடிக்கு 50 முறை நடுங்கும். அதை எந்த ஃபோமும் வடிகட்டிவிடும். அது போய்ச் சேருவது உள்ளங்கைக்கும் பாதத்துக்கும்.

வெயில் பற்றிச் சொல்லாமல் தருமபுரி மாவட்டத்தில் சீட் பற்றி எழுத முடியாது. வியர்வை ஊறிய தோலில் உராய்வு கூடும். அழுத்தம் தாங்கும் சக்தி குறையும். ரெக்ஸின் காற்றை விடாது. சீட்டின் மேல் பருத்தித் துண்டைப் போட்டு ஓட்டும் நம் ஆட்களின் வழக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது. துண்டு சுருண்டு மடிப்பு விழாமல் கட்டினால் சரி. இப்போது கிடைக்கும் தடித்த வலைக் கவர்கள் துணிக்கும் ரெக்ஸினுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் காற்றுக்கு வழி விடுகின்றன. விலையைப் பார்த்தால் இங்கே வரும் எல்லாவற்றையும்விட லாபமான செலவு அதுதான் என்பேன். நம் பழைய பஸ், கார் சீட்டுகளில் இருந்த ரப்பர் பூசிய தேங்காய் நார் இந்த விஷயத்தில் ஃபோமைவிட நன்றாக மூச்சு விடும். ஏனோ அதைக் கைவிட்டுவிட்டோம்.

"மெமரி ஃபோம் போடலாமா, ஜெல் போடலாமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். மெமரி ஃபோம், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக 1966-இல் சார்லஸ் யோஸ்ட் விமான இருக்கைக்கென்று செய்தது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மார்கழி விடிகாலையில் ஓசூர்ப் பக்கம் கெட்டியாகவும், மத்தியானம் வெயிலில் நிறுத்தி எடுத்தால் களியாகவும் இருக்கும். மேலே ஒரு சென்டிமீட்டர் மெல்லிய அடுக்காகப் போட்டால் நல்லது. முழுதும் அதையே போட்டால் உங்களை ஒரே குழியில் பிடித்து வைத்துக்கொள்ளும், நகர விடாது. ஜெல் சுருங்காது, ஒதுங்க மட்டும் செய்யும். ஒதுங்க இடமில்லாமல் இறுக்கி வைத்துத் தைத்துவிட்டால் அது வெறும் பாரம். உட்கார்ந்ததும் ஜில்லென்று இருக்கும், அப்புறம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். காற்றறைகள் கொண்ட குஷன்கள் இவை இரண்டையும்விடக் கெட்டிக்காரத்தனமானவை. ராபர்ட் கிரேப் என்ற அமெரிக்க மின் பொறியாளர் சக்கர நாற்காலியில் வாழ்பவர்களுக்காக உருவாக்கிய ரோஹோ குஷனின் பைக் வடிவம் ஏர்ஹாக். அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ஒரு இடத்தில் அழுத்தம் கூடினால் காற்று பக்கத்து அறைக்குப் போய்விடும். காற்றை டம்மென்று அடித்துவிட்டுப் பந்து மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் அதிகம். பாதியை இறக்கிவிட்டால் சரியாகிவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு சீட் கடையில் நின்று பார்த்தால் வேலை புதிதாகத் தெரியும். அகலமான ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து அடியில் இருக்கும் பின்களை ஒவ்வொன்றாக நெம்பி ரெக்ஸினை உரிப்பார்கள். உள்ளே வெளிறிய மஞ்சளில் பழைய ஃபோம், நீங்கள் உட்கார்ந்த இடத்தில் பொடிப்பொடியாக உதிரும். அந்தக் குழியைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, கீழே ஃபோம் துணுக்குகளை ஒட்டிச் செய்த கெட்டியான ரீபாண்டட் ஃபோம் ஒரு துண்டு, அதன் மேல் எச்.ஆர். ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய மிருதுவான தகடு என்று பசை தடவி அடுக்குவார்கள். ஆக்ஸா பிளேடை வெறும் கையில் பிடித்து, ஃபோமைச் சீவிச் சீவி உருவம் கொண்டுவரும்போதுதான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். டாங்க் பக்கம் சரிவு வேண்டாம். சரிவு இருந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் வழுக்கி, கை எடையை வாங்கும். உட்காரும் இடம் தட்டையாகவோ, லேசாகக் குழிந்தோ இருக்கட்டும். ஓரம் தொடையை அறுக்காமல் உருண்டு இறங்கட்டும். முன்பக்கம் ஒடுக்கமாக வேண்டும், இல்லையேல் கால் தரையில் எட்டாது. சீட் உயரம் 800 மில்லிமீட்டர் உள்ள பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டியில் இரண்டு சென்டிமீட்டர் ஃபோம் ஏற்றுவது குட்டையான ஆளுக்குச் சிக்னலில் தெரிந்துவிடும். முன்னும் பின்னும் நாலு விரற்கடை நகர்ந்து உட்கார இடம் விட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். பள்ளம் தோண்டிய மாதிரி உங்கள் அச்சுக்கே செய்த சீட், மூன்றாவது மணி நேரத்தில் சிறை.

பின்னால் உட்காருகிறவரை யாரும் கடைக்குக் கூட்டிவருவதில்லை. சேலையில் ஒருக்களித்து உட்காரும் பெண்ணுக்கு எடை பெரும்பாலும் ஒரு பக்க எலும்பில். இடுப்பு முறுகியே இருக்கும். தூக்கிக் கட்டிய ஸ்டெப் சீட்டில் அது இன்னும் கொடுமை. குடும்பத்தோடு போகும் வண்டிக்குத் தட்டையான நீளச் சீட்தான் சரி. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளப் பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுப்பு ஆகிய மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி கட்டாயம். புது சீட் தைக்கும்போது குறுக்கே இருந்த பிடிப்பட்டை காணாமல் போகிறது. கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கவரை உடனே பின் அடித்து மூடிவிடச் சொல்லாதீர்கள். பழைய ரெக்ஸினையே மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு பாலக்கோடு வரையாவது போய் வாருங்கள். கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. எந்த இடம் உறுத்துகிறதோ அங்கே சாக்பீஸால் குறியிட்டுக் கொண்டுபோனால் சீவிக் கொடுப்பார்கள். நல்ல சீட்டிலும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கத்தான் வேண்டும். ஆனால் பத்து விநாடி எழுந்து உட்கார்ந்தால் ரத்த ஓட்டம் முழுதாகத் திரும்பாது, ஓரிரு நிமிடம் ஆகும் என்பது சக்கர நாற்காலிக்காரர்களிடம் அளந்து கண்டது. ஓட்டிக்கொண்டே அவ்வளவு நேரம் நிற்பது ஆகாத காரியம்; அதற்கு டீக்கடைதான் வழி. புது ஃபோம் முதல் சில வாரங்களில் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். அதனால் தைத்து வாங்கிய அன்று ஒரு பிடி கெட்டியாகத் தோன்றினால் அவசரப்பட்டு மாற்றச் சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று தடவை பெங்களூர் போய் வந்த பிறகும் உறுத்தினால் கொண்டுபோய்க் காட்டுங்கள்.